நான் படித்த அதே பேப்பர்

தெப்ராவ் தோட்டம்
13-8-1934

தம்பி செல்லப்பனுக்கு அய்யாவு எழுதுவது. காய்ச்சல் விட்டுவிட்டது. நீ விசாரிக்கவில்லை; நானே சொல்கிறேன்.

உன் டீக்கடைப் பேப்பர் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. நேற்றும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் உட்காரவைத்து உரக்கப் படித்தேன். முடிப்பதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், "செல்லப்பண்ணன் இனி எப்ப வந்து படிப்பாங்க?" நான் படுத்துக் கிடந்த ஒரே ஒரு ஞாயிறு, என்னைப் பார்க்க வந்த நீ எனக்குப் பதிலாகப் படித்தாய். நான் ஒன்பது வருஷமாகப் படிக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் எழுது. மலைக்காய்ச்சல் வராமலிருக்கக் கொய்னா மாத்திரையைத் துப்பாமல் விழுங்கவேண்டும் என்று பேப்பரில் வந்ததே, அதை மூன்று வாரம் படித்தேன். எல்லோரும், மாத்திரை கொடுக்கிற தோட்டத்துக் கணக்கர் கிராணி முன்னால் வாயில் போட்டு, ரப்பர் மரத்தடியில் துப்பினார்கள். நீ அதையே ஒரு தரம் படித்தாய். மறுநாளிலிருந்து லயத்து வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் விழுங்குகிறார்கள். அதே பேப்பர், அதே எழுத்து. பஞ்சாங்கத்தை வைத்து எழுத்துக்கூட்டிக் கற்ற என் வாய்க்கு மதிப்பில்லையா? அவர்களிடம் என்னதான் சொன்னாய்?

இப்படிக்கு,
அய்யாவு


பொந்தியான்
20-8-1934

அன்புள்ள அய்யாவு அண்ணனுக்கு,

கோபத்தோடாவது எழுதினீர்களே, அதுவே சந்தோஷம்.

நான் எதுவும் சொல்லவில்லை அண்ணே. பேப்பரில் வந்ததை ஊசி மருந்துபோல ஜனங்களுக்குள் ஏற்றிவிடலாம் என்று நினைக்கிறீர்கள். என் கடையில் ஒரே செய்தியை நாலு மேசைக்காரர்கள் நாலு விதமாக எடுத்துக்கொள்கிறார்கள். எதை நம்புவது என்று பிறகு தங்களுக்குள் பேசித்தான் முடிவு கட்டுகிறார்கள். உங்கள் லயத்தில் அது களத்துக்குப் பக்கத்துக் குழாயடியில் நடக்கிறது. அன்று படித்தபின் எழாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், காதில் விழுந்தது. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த காளியம்மா சொன்னாள்: "படிக்கிற அண்ணனே மாத்திரையத் துப்பிட்டு இப்ப நடுங்கிக்கிட்டுக் கெடக்காரு. நமக்கு எதுக்குடி வம்பு, முழுங்கித் தொலைப்போம்."

அவர்களை விழுங்கவைத்தது என் குரல் இல்லை, உங்கள் காய்ச்சல்தான்.

நீங்களும் பேப்பரை மடித்ததும் எழுந்து போய்விடாமல் கொஞ்சம் உட்காருங்கள். தீபாவளிக்கு வருகிறேன்.

உங்கள் தம்பி,
செல்லப்பன்


தெப்ராவ் தோட்டம்
27-8-1934

செல்லப்பனுக்கு,

நான் துப்பியது இரண்டே நாள். அதைக் காளியம்மா எங்கே நின்று பார்த்தாளோ! இப்போது விழுங்குகிறேன். யார் சொல்லியும் அல்ல.

நேற்று படித்தபின் உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னாய் என்பதற்காக இல்லை, முழங்கால் வலி.  காளியம்மா வெற்றிலையை மடித்தபடி கேட்டாள்: "ஏண்ணே, தீவாளிக்கு செல்லப்பண்ணன் வாராங்களாமே? அன்னிக்கு அவுங்களே படிக்கட்டும். நீங்க எங்ககூட உக்காந்து சும்மா கேளுங்க."

நீ வருவதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. பஸ்காரன் சொன்னானாம். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தின் நடுவே நகர்ந்து, எனக்கு இடம்கூட ஒதுக்கிக் காட்டினார்கள்.

பேப்பர் வெள்ளிக்கிழமை தவறாமல் வரட்டும். நீ வராதே.

அய்யாவு