செம்பு அண்டாவில் ஊற்றிய எண்ணெய்

சேசு மரி சூசை துணை
விழுப்புரம், 20 ஆகஸ்டு 1944

அன்பு மகன் லூர்துநாதனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், பம்பாயில் நீயும் அப்படியே இருக்க மாதாவை மன்றாடுகிறேன். உன் இருமல் நின்றதா? திண்டிவனத்தில் உன் தங்கை அருள்ராணிக்கு ஆண் குழந்தை, இருவரும் சுகம். எனக்குத்தான் ஆபீசில் நடந்ததை நினைத்தாலே ஒரு வாரமாக அருவருப்பாக இருக்கிறது, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல.

எங்கள் கரண்டு ஆபீசில் டிரான்ஸ்பார்மரைப் பழுது பார்க்க உள்ளிருக்கும் எண்ணெயை இறக்கினோம். காற்றுப் பட்டால் அந்த எண்ணெய் புளித்துக் கெடும், மூடி போட்ட இரும்புப் பீப்பாயில்தான் வைப்போம். பீப்பாயெல்லாம் சண்டைக்குப் போய்விட்டது. சூப்பர்வைசர் கிருஷ்ணசாமி, செம்புல வெச்சா எதுவும் கெடாதுய்யா, உங்க கோயில் அண்டாவ ஜல்தியா வாங்கிக்கினு வா என்றார். நானும் புத்திகெட்டுப் போய், திருவிழாவுக்குத் தண்ணீர் வைக்கிற அண்டா இரண்டைப் பங்குச் சாமியாரிடம் கேட்டு வாங்கி, புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தும் கொடுத்தேன். என்னோடு வேலை செய்கிற முத்துசாமிதான், வாணாங்க, மூடியாவது போட்டு வெக்கலாங்க என்றான். அவர் அவனை நாயே என்றார். பழுதுக்கு வேண்டிய சாமான் வர ஒன்றரை மாதம் ஆயிற்று, அதுவரை எண்ணெய் வெயிலில் திறந்தே கிடந்தது. கறுத்து, அடியில் சேறு கட்டி, சீ, அந்தப் புளிச்ச நாற்றம் இன்னும் என் வேட்டியை விட்டுப் போகவில்லை. அதையே துணியில் வடித்து ஊற்றச் சொன்னார். பத்தே நாளில் டிரான்ஸ்பார்மர் உள்ளே எல்லாம் கருகிப்போயிற்று. உன் அம்மா கேட்டாள், ஈயம் பூசாத செம்புல மோரு ஊத்துனாலே களிம்பேறும், இதுகூடவா அந்த ஆபீசருக்குத் தெரியாது என்று. தெரிந்தும் வாய் திறக்காத எனக்கு என்ன பெயர்?

மதராசிலிருந்து பெரிய இஞ்சினீயர் விசாரிக்க வருகிறார் என்றதும் கிருஷ்ணசாமி ஒரு காகிதத்தோடு குழைந்துகொண்டு வந்தார். முத்துசாமிதான் மூடாம உட்டான்னு ஒரு கையெழுத்துப் போடு சவுரிராயா, உம் மவனுக்கு இங்கியே லைன்மேன் வேலை வாங்கித் தர்றேன் என்றார். தூ, என்ன மனுஷன்! மறுநாள் ஒன்றும் அறியாத முத்துசாமி தன் கேப்பைக் கூழில் பாதியை எனக்கு ஊற்றினான், அதை அவன் சட்டியிலேயே திருப்பி ஊற்றிவிட்டேன். இஞ்சினீயர் வந்ததும் சொல்லிவிட்டேன், அண்டா கொண்டாந்தவன் நானு, ஊத்தச் சொன்னவரு இவரு, வாணாம்னு சொன்னவன் முத்துசாமி ஒருத்தன்தாங்க என்று. அவன் வேலை தப்பியது. உனக்குச் சொன்ன வேலை போயிற்று. அம்மா என்னோடு பேசுவதில்லை.

கோபம் வந்தால் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருக்காதே. ஞாயிறு பூசையை விடாதே, இருமலுக்கு மிளகுக் கஷாயம் குடி. சேசுநாதர் உன்னைக் கைவிடமாட்டார்.

ஒன்றை மறைத்தால் நான் அப்பன் இல்லை. அந்தக் காகிதத்தில் நான் முதலில் கையெழுத்துப் போட்டேன். இஞ்சினீயர் முன்னால்தான் வாங்கிக் கிழித்தேன். நாலு வருஷமாயிற்றே உன் முகத்தைப் பார்த்து, அந்த ஆசையில் போட்டுவிட்டேன் ராசா.

இப்படிக்கு, உன் அப்பா
ச. சவுரிராயன்