பதினெட்டுப் புள்ளி கூடிய விதம்

கொழும்பு
14.08.1997

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சைப் பயிற்சித்தாளில் என் புள்ளி நாற்பத்திரண்டிலிருந்து அறுபதாகிவிட்டது. பார்த்தெழுதவில்லை. முந்தநாள் சோதனைச்சாவடியில், "1-3, 2-5" என்று நான் விடை குறித்த தாளை இரகசியச் செய்தி என்று பிடித்தார்கள். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் ஒவ்வொரு விடைக்கும் காரணம் கேட்டார். சொல்லப்போய்த்தான் என் பிழைகள் எனக்கே தெரிந்தன. நேற்று மறுபடி எழுதவைத்தார், அறுபது. இப்போது அவருக்கு அதிலும் சந்தேகம்.

"ரெண்டு நாளும் ரெண்டு விடை. எது பொய்?"

"ரெண்டும் என்ர மூளைதான் சேர்."

அவர் சிரிக்கவில்லை.

பயப்படாதீர்கள், அடிக்கவில்லை. பரீட்சை இருபத்துமூன்றாம் திகதி. அதற்குள் நான் உங்கள் மகன்தான் என்று ஊர் விதானையாரிடம் கடிதம் வாங்கி, எனக்கு மாற்றிக் கட்ட ஒரு சாரத்தோடு, முழங்கால் நொந்தாலும் நீங்களே வாருங்கள். விடுதிக்கு அல்ல, உறையில் எழுதியுள்ள பொலிஸ் நிலையத்துக்கு.

அந்த அதிகாரி வாசித்த பிறகுதான் இது தபாலில் சேரும். ஆகவே சேருக்கும் வணக்கம்.

மகன்,
புவனேந்திரன்