கஷாயத்தைக் கொட்டிவிட்டேன், மதினி

என் அன்பு மதினிக்கு,

நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் ராஜபாளையத்தில் இறங்கி நேரிலேயே சண்டை போட்டுவிடலாம், எதற்குக் கடிதம்? இப்போது பஸ் போகாத ஊரில் இருக்கிறீர்கள்.

முதலில் கெட்ட செய்தி. உங்கள் மகள் மாரீஸ்வரிக்கும் மார்பில் புற்று வந்துவிட்டது, உங்களுக்கு வந்த அதே பக்கம். மதுரைக்குக் கூட்டிப்போய் கீமோ ஏற்றிக்கொண்டிருக்கிறோம். முடி முழுதும் கொட்டிவிட்டது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "அத்தை, இப்பத்தான் அப்பா ஜாடை தெரியுது" என்றாள். அண்ணன் பட்டாளத்திலிருந்து வந்த நாளிலேயே தலையில் ஒன்றும் இல்லாமல்தான் வந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

அடுத்து நல்ல செய்தி. நம் வீட்டில் அதுதான் ஆபத்து. பேப்பரில் போட்டிருந்தான்: கீமோ ஏறும்போது புற்றுச்செல்லுக்குப் பட்டினி வருமாம். அப்போது அது தனக்குள்ளே கிடக்கிற பழசையெல்லாம் தின்று செரித்து உயிரைப் பிடித்துக்கொள்ளுமாம். சில செடிகளில் உள்ள சரக்கு அந்தச் சாப்பாட்டைத் தடுக்கிறதாம். தடுத்துவிட்டால் கீமோ நன்றாக வேலை செய்கிறதாம். இதெல்லாம் நடந்தது கண்ணாடிக் கிண்ணத்திலும் எலியிலும். மனிதருக்கு இன்னும் பார்க்க வேண்டும் என்று கடைசி வரியில் இருந்தது. அண்ணன் கடைசி வரிக்கு மேலேயே வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"பாத்தியா தாயி, செடிதான்னு போட்டிருக்கான். அன்னைக்கு அவளுக்கு நான் குடுத்தது தப்பில்லை."

அன்றைக்கு அவர் கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். மலையடிவாரத்தில் செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு ஆளிடம் வேர் வாங்கி வந்து அவர் காய்ச்சியதை, டாக்டருக்குத் தெரியாமல் குடித்தீர்கள். கண் மஞ்சளானது. ஈரல் கெட்டுவிட்டது என்று கீமோவைப் பாதியில் நிறுத்தினார்கள். வேரால்தானா என்று கேட்டதற்கு டாக்டர் ஆமாம் என்று உறுதியாகச் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அண்ணன் இத்தனை வருஷமாகக் குடியிருக்கிறார். அந்தச் செல் பழசைத் தின்று பிழைக்கிற விதத்தைப் படித்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

ஏன் குடித்தீர்கள் என்று கேட்டேனே, அதற்கு நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எனக்கு நம்பிக்கையெல்லாம் இல்லட்டி. அவிய வெயில்ல அலைஞ்சு கொண்டாந்திருக்காவ. வேண்டாம்னா முகம் வாடிரும்." அவர் முகம் வாடவில்லை, மதினி. நீங்கள்தான் போய்ச் சேர்ந்தீர்கள்.

போன வாரம் அண்ணன் மறுபடியும் செண்பகத்தோப்புக்குப் போனார். வேர் கொடுத்தவர் இப்போது உயிரோடு இல்லை, மகன்தான் விற்கிறான், அவனிடம் வாங்கி வந்தார். பேப்பரில் போட்ட செடி என்ன, இது என்ன வேர் என்று கேட்டேன். எல்லாம் மலையில் முளைத்ததுதானே என்றார்.

மதுரை டாக்டரிடமே கேட்டுவிடலாம் என்று அண்ணனைக் கூட்டிப்போனேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: மாரிக்கு ஏறுகிற மருந்தே ஒரு மரத்தின் பட்டையிலிருந்து வந்ததுதான், எவ்வளவு கொடுத்தால் மருந்து, எவ்வளவு கொடுத்தால் விஷம் என்று பார்த்துப் பார்த்துத்தான் மனிதருக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள், தெரியாத எதையும் கூடவே குடிக்கக் கூடாது. அண்ணன் சல்யூட் அடிக்காத குறையாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும், "பட்டைன்னு அவரே ஒத்துக்கிட்டாரு" என்றார்.

முந்தாநாள் காலையில் காய்ச்சிவிட்டார். டம்ளரில் ஊற்றி, ஆறவைத்து, மாரியின் கட்டிலருகே வந்து நின்றார். அவள் டம்ளரைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். அது உங்கள் பார்வை. கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

பிடுங்கினேன். அடுப்படிக்குப் போய்த் தொட்டியில் கொட்டினேன், சட்டியில் மிச்சம் இருந்ததையும் கொட்டினேன். அண்ணன் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. அடுப்படி வாசலில் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டார்:

"அப்ப அவளை நான்தான் கொன்னேன்னு சொல்லுதியா?"

நான் சட்டியைத் தேய்க்க ஆரம்பித்தேன். இல்லை என்று சொல்ல உரிமையுள்ள ஒரே ஆள் நீங்கள். என்ன சொல்லியிருப்பீர்கள், மதினி?

அதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. நான் பொங்கிப் போடுவதை மட்டும் சாப்பிடுகிறார். மாரிக்கும் என்மேல் வருத்தம்தான். அப்பா பாவம் என்கிறாள். பாவம்தான். அதற்காக அவள் ஈரலைக் கொடுக்க முடியாது.

நாத்தனார் என்றால் கொடுமைக்காரி என்று ஊரே சொல்லும். உங்கள் காலத்தில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னதோடு சரி. இப்போதுதான் அதற்கு ஒரு வேலை வந்திருக்கிறது. கடைசி கீமோ ஏறும்வரை இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன். அண்ணன் எத்தனை தடவை காய்ச்சினாலும் அத்தனை தடவையும் கொட்டுவேன். அவர் முகம் வாடட்டும். உங்கள் மகள் பக்கத்தில் அந்த டம்ளர் போகாது.

ராஜபாளையத்தில், உங்கள் அடுப்படியில் இருந்து,
உங்கள் நாத்தனார்
சண்முகத்தாய்