மூன்றாம் குடிலின் சிவப்புத் துணி

இன்று காலை மூன்றாம் குடிலின் பின்பக்கம் ஈரமண்ணில் ஒரு தடமும் இல்லை. ராத்திரி பெய்த மழை மண்ணைச் சமமாக்கி வைத்திருந்தது. இந்த ரோஜாத் தோட்டத்தில் எல்லோரும் முன்கதவு வழியாகத்தான் பிளாஸ்டிக் போர்த்திய குடிலுக்குள் போய் வருவோம். பின்பக்கம் நடந்த ஒரே ஆள் நீங்கள். இடது பூட்ஸ் ஆழமாகவும் வலது பூட்ஸ் லேசாகவும் பதிந்திருக்கும். பட்டாளத்தில் அடிபட்ட காலைப் பாதிதான் ஊன்றுவீர்கள்.

உங்களைப் பற்றி நான் முதலில் கவனித்ததும் அந்தத் தடத்தைத்தான். செக்யூரிட்டி என்றால் வேலியோரம் நடக்க வேண்டும். அக்கா பூ வெட்டுகிற குடிலை இவர் ஏன் சுற்றுகிறார் என்று நினைத்தேன்.

அக்காவும் நானும் நாட்றாம்பாளையத்திலிருந்து ஓசூருக்கு வந்து அப்போது ஆறு மாதம்தான். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டிருந்தேன். பஸ் ஏற்றும்போது அம்மா சொன்னாள்: "சிரிச்சுப் பேசறவன நம்பாதீங்கடி. சிரிக்காம பேசறவனையும் நம்பாதீங்க." நீங்கள் இரண்டாவது வகை. மத்தூர்ப் பக்கம், பட்டாளத்திலிருந்து திரும்பியவர் என்பதற்கு மேல் உங்களைப் பற்றி யாருக்கும் தெரியாது. எல்லோரும் மிலிட்டரி அண்ணா என்றார்கள். நான் அப்படிக்கூடக் கூப்பிட்டதில்லை.

தினமும் காலையில் அக்காவிடம் ஒரே கேள்வி கேட்பீர்கள். "இன்னைக்கி எந்தக் குடிலுங்க?" அக்கா சொல்லுவாள். வாட்சைப் பார்த்து, சட்டைப்பையிலிருந்த சின்ன நோட்டில் என்னவோ எழுதுவீர்கள். பேக்கிங் மேசையில் இருந்த பெண்கள் விடவில்லை.

"ஏன்டி, உங்கக்காவுக்கு மட்டும் மிலிட்டரி காவலா? எங்கள எவனாச்சும் தூக்கிட்டுப் போவட்டும்னு உட்டுட்டாங்களா?"

"உன்னத் தூக்க கிரேன்தான் வரணும். வாய மூடிக்கிட்டு பூவக் கட்டுடி" என்றாள் அக்கா. ஆனால் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் என்னைப் பயமுறுத்தியது.

ஒரு நாள் என்னிடமும் பேசினீர்கள். பூச்சிமருந்து அடித்த குடிலின் கதவில் சிவப்புத் துணி கட்டுவார்கள். மறுநாள் காலை அதை அவிழ்க்கும்வரை யாரும் நுழையக் கூடாது. அன்று மதியமே துணியைக் காணோம். நான் கத்தரியோடு உள்ளே போகப் பார்த்தேன். நீங்கள் குறுக்கே கையை நீட்டினீர்கள். "வாசம் போச்சுன்னா மருந்து போச்சுன்னு நெனைக்காத பாப்பா. தள்ளி நில்லு." நான் ஓடிவிட்டேன். உள்ளே எதை மறைக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலமே ஆபீஸ் சுவரில் இருந்த புகார்ப் பெட்டியில் ஒரு தாளைப் போட்டேன். "மிலிட்டரி செக்யூரிட்டி பெண்கள் பின்னால் சுற்றுகிறார். எங்களுக்குப் பயமாக இருக்கிறது." பயந்தது நான் ஒருத்திதான். பெயரும் எழுதவில்லை. இரண்டாம் நாள் உங்களை மெயின் கேட்டுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து மூன்றாம் குடிலின் கதவு தெரியாது.

பிப்ரவரி வந்தது. காதலர் தினத்துக்கு ப்ளேன் ஏற வேண்டிய பூக்கள். சூப்பர்வைசர் செல்போனைக் காதிலிருந்து எடுக்காமலே "பேக, பேக" என்று கன்னடத்தில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அன்று பத்து மணிக்கு மூன்றாம் குடிலில் மருந்து அடித்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அவரே போய்ச் சிவப்புத் துணியை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனார். பேக்கிங் மேசையிலிருந்து அதைப் பார்த்தேன். ஆறு மாதமாக உங்கள் ஒவ்வொரு அடியையும் சந்தேகப்பட்டவளுக்கு அவர்மேல் துளி சந்தேகம் வரவில்லை. அக்காவும் இன்னொரு பெண்ணும் கூடையோடு உள்ளே போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் சுவருக்குப் பின்னால் அக்கா குனிந்து வாந்தி எடுப்பது நிழலாகத் தெரிந்தது. நான் கத்தினேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. கேட்டை விட்டுவிட்டு அந்தக் காலோடு ஓடி வந்தீர்கள். துண்டைத் தொட்டியில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனீர்கள். அக்காவைத் தோளில் போட்டு வந்து குழாயடியில் கிடத்தினீர்கள்.

"மேல் துணியக் கழட்டு. தண்ணி ஊத்திக்கிட்டே இரு. அவ கண்ணத் தொறந்தாலும் நிறுத்தாத."

அக்காவை 'ங்க' போடாமல் நீங்கள் பேசி அன்றுதான் கேட்டேன். "ஆம்புலன்ஸ் வருது, இருப்பா" என்று சூப்பர்வைசர் தடுத்தார். நீங்கள் நிற்கவில்லை. இரண்டாவது பெண்ணை வாசல்வரை இழுத்து வந்து வெளியே தள்ளினீர்கள். நீங்கள் உள்ளேயே விழுந்தீர்கள்.

அவர்கள் இரண்டு பேரும் பிழைத்தார்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தீர்கள். ஒரு முறை கண் திறந்து, "அவங்க எந்திரிச்சாங்களா?" என்று நர்ஸிடம் கேட்டீர்களாம். மறுபடியும் 'ங்க' வந்திருந்தது.

உங்கள் காரியம் முடிந்த பிறகு அக்கா சொன்னாள். "என்மேல மருந்து படக்கூடாதுன்னுதான்டி குடில் குடிலா சுத்துனாரு. எப்ப அடிச்சாங்க, எப்பத் தொறந்தாங்கன்னு எல்லாம் எழுதி வச்சாரு, மேலதிகாரிங்ககிட்ட காட்டணும்னு. இந்த சீசன் முடிஞ்சதும் அம்மாவ வந்து பாக்கறேன்னாரு. நீ மாமான்னு கூப்பிட்டிருப்ப." தாளைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை.

உங்கள் வீட்டாரிடம் யூனிஃபார்ம், வாட்ச், பூட்ஸ் எல்லாம் கொடுத்தார்கள். நோட்டைக் காணோம். நீங்கள் குடித்திருந்தீர்கள் என்று தோட்டத்தில் பேச்சு. சிவப்புத் துணி கட்டியே இருந்ததாம், அக்காவைத் தேடி நீங்கள் உள்ளே போனீர்களாம். இதை முதலில் சொன்னது யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டுகிறார்கள். தண்ணீர் ஊற்ற என்னோடு குடம் பிடித்தவளே "நான் அந்தப் பக்கம் வரவே இல்லியே" என்கிறாள். இப்போது யார் சிரித்தாலும் ஏன் என்று பார்க்கிறேன்.

இன்று மதியம் விசாரணைக்கு அரசாங்க அதிகாரி வந்தார். எங்களை எல்லாம் பேக்கிங் கூடத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டினார்.

"பாருங்க சார், முன்னாடியே கம்ப்ளைண்ட் இருக்குது. பொம்பளைங்க பின்னாடி சுத்தற ஆளு."

அதிகாரி அதை உரக்கப் படித்தார். "யார் எழுதினது?"

"பேரு இல்லீங்க சார். எல்லாரும் சேந்து குடுத்தது."

அக்காவின் கை என் முழங்கால்மேல் இருந்தது. "எந்தப் பாவி எழுதுனாளோ" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

அந்தக் கையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். எழுந்து நின்றேன். "நான்தாங்க எழுதுனேன் சார், தப்பா எழுதிட்டேன். சிவப்புத் துணிய யாரு அவுத்தாங்கன்னும் பாத்தேன்" என்று சொல்லி, சூப்பர்வைசரைக் கைகாட்டினேன்.