கிளிக் என்று நான் போட்ட டிக்

நேற்று மாலை மகளின் ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கேட்கும் சத்தத்திலிருந்தே பிறந்த சொற்கள் என்று ஒரு பக்கம். ஹம், கிளிக், ஹிஸ், ராட்டில், ஸ்க்வீல், பேங். பக்கத்தில் பாம்பும் கதவும் படமாக. "கிளிக்னா இன்னாப்பா?" என்று கேட்டாள். "பேனா மூடுற சத்தம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். நீ இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உன்னிடம் பேச வேண்டும் போல் இருந்தது.

திருவாண்டார்கோயில் பக்கத்துக் கம்பெனியில், நீயும் நானும் வேலை பார்த்த, தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் மேல் தொங்கிய தாளில் அதே ஆறு சொற்கள் இருந்தன. ஷிப்ட் முடியும்போது மெஷின் எப்படிச் சத்தம் போடுகிறது என்று ஒன்றில் டிக் போட வேண்டும். முதல் இரண்டு என்றால் மெஷின் ஓடலாம். மற்றதில் எதைப் போட்டாலும் நிறுத்திவிட்டு, சூப்பர்வைசர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். பிளஸ் டூ படித்தவன் என்று பேனாவை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

உனக்கு எதன் மேலும் சந்தேகம். கேன்டீன் டீயை மோந்து பார்த்துத்தான் குடிப்பாய். பஸ் போர்டைப் படித்த பிறகும் கண்டக்டரைக் கேட்பாய். அந்தத் தாளையும் நீ நம்பவில்லை. "நம்ம மெஷின் எப்படி கத்தும்னு எங்கியோ குந்திகினு ஒருத்தன் முன்னாடியே எழுதி வெச்சிட்டானா?" என்பாய். ஒவ்வொரு சொல்லையும் என்னைச் சொல்ல வைத்துக் கேட்பாய். "ஹிஸ்ஸு சரி, காத்து போவுது. பேங்கும் சரி. இந்த ஹம்மு நம்மள தூங்க வெக்கப் பாக்குது மச்சான்." நான் சிரிப்பேன்.

வில்லியனூர் தேரன்று காலை ஷிப்ட் முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது நீ மெஷினை விட்டு ஒரு அடி தள்ளி நின்றாய். "உள்ள சரக்குனு எதையோ இழுக்குது. நிறுத்து." நானும் கேட்டேன். சின்னச் சத்தம்தான், ஆறில் எதிலும் சேரவில்லை. உன் வீட்டில் எல்லோரும் தேருக்குக் கிளம்பியிருந்தார்கள். மெஷின் நின்றால் கம்பெனியில் உன்னையும் அனுப்பிவிடுவார்கள். எனக்கு அதுதான் தோன்றியது. "தேருக்குப் போவணும்னா லீவு கேளுடா, மெஷின் மேல ஏன் பழி போடற?" என்றேன். மெஷினை நிறுத்தவில்லை. ஷிப்ட் முடிந்ததும் கிளிக்கில் டிக் போட்டேன்.

மத்தியான ஷிப்டுக்கு வந்த செல்வி தகட்டை உள்ளே வைக்கும் முன் தாளைப் பார்த்திருக்கிறாள். என் டிக்குக்குக் கீழே உன் கோணல் எழுத்து: "சரக்குனு இழுக்குது. கை வெக்காதே." நான் கை கழுவப் போன நேரத்தில் எழுதியிருக்கிறாய். மெஷினை நிறுத்த அவளுக்கும் துணிச்சல் இல்லை, தகட்டை இடுக்கியால் பிடித்து வைத்தாள். பெடலை மிதிக்கும் முன்பே பிரஸ் தானாக இறங்கியது. இடுக்கி நசுங்கிப்போனது.

மறுநாள் நீ "டீ குடிச்சியா?" என்று மட்டும் கேட்டாய். அதிலும் எனக்குச் சந்தேகம். நான் நிறுத்த மறுத்ததைச் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாயோ, செல்வியிடம் சொல்லிவிட்டாயோ என்று எத்தனை நாள் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்!

நீ யாரிடமும் சொல்லவில்லை என்பது காட்டேரிக்குப்பத்தில் உன் சாவு வீட்டில்தான் தெரிந்தது. மாலையோடு வந்த செல்வி என் பக்கத்தில் வந்து நின்றாள். "அன்னிக்கி நீங்க ரெண்டு பேரும் எழுதி வெக்கலன்னா இந்தக் கை ஏதுண்ணா?" என்று அழுதாள். நான் தலையாட்டிவிட்டேன். உன் முகத்துக்கு நேரே நின்று தலையாட்டினேன். வெட்கமாக இருக்கிறது.

இப்போது வேறு கம்பெனி. தாளுக்குப் பதில் போன் வந்துவிட்டது, சொற்கள் மாறவில்லை. டிக் போட்ட பிறகு, காதில் விழுந்ததைக் கீழே தமிழில் அடித்து வைக்கிறேன். யாரும் படிக்கிறார்களா தெரியாது. யார் மேல் சந்தேகம் வந்தாலும் முதலில் என் விரலைத்தான் பார்க்கிறேன்.

செல்வி பாகூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போய், அந்த டிக் மட்டும்தான் என்னுடையது என்று சொல்லப்போகிறேன். நான் போவேன் என்று நீ நம்பியிருக்க மாட்டாய். எனக்கும் நம்பிக்கை இல்லை. அதனால்தான் உனக்கு எழுதி வைக்கிறேன்.