திறந்தது என்று எழுதியவள்

நாள் 83, 10:05
நிலா நிலையம். பதிவு: தமயந்தி, கணினித் திரைப் பொறியாளர். இங்கே நாங்கள் இரண்டே பேர். சூசைராஜ் அண்ணன் வெளியே சூரியத் தகடுகளைத் துடைக்கிறார். வெளிக்கதவை இயக்கும் திரையின் புது வடிவம் இன்று முதல் ஓடுகிறது. முன்பு பட்டனை அழுத்தினால் கதவு பதில் சொல்லும்வரை திரை சும்மா நிற்கும். "ஒன் திரை முழிக்கதுக்குள்ள ஒரு டீ குடிச்சிரலாம்" என்று வானொலியில் கிண்டலடிப்பார். இனி அழுத்தியதும் 'திறந்தது' என்று வந்துவிடும். கதவின் பதில் மெதுவாக வரட்டும்.

10:41
அண்ணன் வாசலுக்கு வந்துவிட்டார். உடையில் பதினொரு நிமிடக் காற்று. 'திற' அழுத்தினேன். உடனே 'திறந்தது'. பெருமையாக இருக்கிறது.

10:43
வானொலி: "ஏம்மா, எங்க தொறந்துச்சு? மூடியேல்லா கெடக்கு!"
பட்டன் இப்போது 'மூடு' என்று காட்டியது. மூடித் திறந்தால் சரியாகும் என்று அழுத்தினேன். மறுபடி 'திற' அழுத்தினேன். திரை எல்லாவற்றுக்கும் தலையாட்டியது.

10:46
புரிந்துவிட்டது. வீட்டை விட்டே கிளம்பாமல் 'இதோ வந்துட்டேன்' என்போமே, அதே புத்தியில் திரையை எழுதித் தொலைத்திருக்கிறேன். கதவில் பழுதில்லை, குளிரில் மந்தம். என் உத்தரவுகள் மூன்றும் வரிசையில் நிற்கின்றன. 10:47 திற. 10:50 மூடு. 10:53 திற. ரத்து செய்ய நான் வழியே வைக்கவில்லை, மடச்சி. கதவின் மின்சாரத்தை நிறுத்தும் விசையோ வெளிச்சுவரில், எனக்கு எட்டாது.

10:48
கதவு திறந்தது. அண்ணன் இரு கதவுகளுக்கும் நடுவே உள்ள காற்றறைக்குள் வந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன்.
வானொலி: "அப்ப மூணாவது தொறக்கதுக்குள்ள என்னைய உள்ள இழுத்துரு. அழாத."
திரையில் அலங்காரத்தை எல்லாம் பிடுங்கிவிட்டேன். இனி கதவு சொல்வதை மட்டும் காட்டும்.

10:51
குரல் பதிவு. வெளிக்கதவு மூடி, காற்றறையில் காற்று நிரம்பிவிட்டது. உள்கதவைக் கையால் சுற்றுகிறேன். ஐம்பது சுற்று. வெளிக்கதவு மறுபடி திறப்பதற்குள் இதைத் திரும்ப மூடாவிட்டால் நிலையத்துக் காற்றே வெளியே போய்விடும். பயமாக இருக்கிறது.

10:52
முப்பத்தெட்டு. வானொலி: "உடையில காத்து தீந்துட்டு, மூச்சு முட்டுது. தலைக்கவசத்தக் கழட்டிட்டேம்மா." நாற்பத்தைந்து. இடுக்கு வழியே அண்ணன் கை வந்துவிட்டது, பிடித்துவிட்டேன். தோள் சிக்குகிறது. அண்ணே, திரும்புங்க, பக்கவாட்டில்... திரும்ப மூட வேண்டும், இன்னும்

10:53
தானியங்கிப் பதிவு.
வெளிக்கதவு: திறந்தது.
உள்கதவு: பதிலுக்குக் காத்திருக்கிறது.