இடது பக்கம் ஏரி

பிப்ரவரி 9

மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மார்ச்சில் லீவு போட்டுவிட்டு காரிலேயே நாட்டைச் சுற்றப் போகிறார்களாம். மலை, அதிலிருந்து இறங்கினால் பாலைவனம், கடைசியில் கடற்கரை. எங்களையும் கூட்டிப்போகிறார்களாம். மாப்பிள்ளை போனை நீட்டி, "வழியெல்லாம் இதுவே சொல்லிடும் மாமா" என்றார். பாதி நாட்டை மீன் லாரியில் அளந்தவனுக்கு போன் வழி சொல்லுமாம். நல்லவேளை, மகளுக்கு அப்பனைத் தெரியும். "பிளானை அப்பா போடட்டும்" என்றாள். போடுகிறேன், போட்டபின் யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்றேன்.

என் மனைவி இவளிடமும் எங்கே போக ஆசை என்று கேட்டார்கள். "உங்கப்பா ஒரு ஏரி சொல்வாரே, அதைக் காட்டினா போதும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்றாள்.

பிப்ரவரி 10

பெரிய வரைபடம் ஒன்று வாங்கி வந்து சாப்பாட்டு மேசை மேல் விரித்தேன். சாப்பாடு தரைக்குப் போய்விட்டது. இவள் தட்டை வைக்கும் சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

பிப்ரவரி 13

பிளான் முடிந்தது. என் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. மிச்சமெல்லாம் ஹெட்லைட் வெளிச்சத்தில் மைல்கல்லையும் கடைப் பலகையையும் எழுத்துக் கூட்டிப் படித்ததுதான். ஆனாலும் எங்கே வளைவு, எங்கே டீசல், எங்கே குளிர் பாதத்தில் ஏறும் என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். எந்தப் போன் சொல்லும் இதை?

பிப்ரவரி 16

மாப்பிள்ளை பிளானை மேலும் கீழும் பார்த்தார். "மாமா, தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பறோமே. பகல்ல என்ன பண்றோம்?"

"தூங்கறோம்."

"அப்போ மலையை எப்பப் பாக்கறது?"

இவள் அடுப்படியிலிருந்து, "மீன் கெட்டுப்போயிடும்னு பயப்படறார்" என்றாள். மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 17

பகலில் ஓட்டினால் ஐஸ் உருகும். பொழுது சாய்ந்ததும் துறைமுகத்தில் ஏற்றி, விடிவதற்குள் சந்தையில் இறக்க வேண்டும். தொலைவு அதிகமென்றால் வழியில் ஐஸ் தொழிற்சாலையில் புது ஐஸ் போட்டுவிட்டு, முன்கண்ணாடிக்குச் சாக்கைக் கட்டிப் பகலெல்லாம் தூங்க வேண்டும். இதுதான் தொழில். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

சிரிக்கிறாங்களாம். சிரிக்கட்டும். அந்த நாத்தம் புடிச்ச லாரிதானே மகளைப் படிக்க வெச்சுது. என்னைக்காவது நெனச்சுப் பாத்தாளா — வேண்டாம். எழுதினால் கோபம் ஏறுகிறது.

பிப்ரவரி 20

மகள் போன் செய்தாள். "அப்பா, நீங்க சொல்ற இடத்துல ஏரியே இல்லப்பா. வெறும் வெள்ளையா காட்டுது."

என் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் வெள்ளை. போட்டவன் அந்த இடம் வந்தபோது டீ குடிக்கப் போயிருப்பான்.

மலை இறங்கி, பாலைவனச் சாலையில் ஒரு மேடு ஏறியதும் இடது பக்கம் ஏரி. கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை. நிலா இருந்தால் அந்த நிலா முழுவதும் அதில் கரைந்து கிடக்கும். ஒருநாளும் லாரியை நிறுத்தியதில்லை, சந்தை காத்திருக்காது. வீட்டுக்குக் கொண்டுவர என்னிடம் மீன் நாற்றத்தைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது. அதனால் இவளுக்கு அந்த ஏரியைக் கொண்டுவருவேன். ஒவ்வொரு முறையும் கேட்பாள், சலிக்காமல் சொல்வேன். ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றும் சொல்வேன்.

இல்லை என்கிறாள் மகள்.

பிப்ரவரி 21

இவளிடம் சொல்லவில்லை. மகள் சொல்லியிருப்பாளோ?

பிப்ரவரி 24

சாட்சிக்கு ஆள் வேண்டும். அதே தடத்தில் ஓட்டிய கட்டையனைப் பிடித்தேன். இப்போது மகன் வீட்டில் இருக்கிறான். காது கொஞ்சம் மந்தம், வாய் அப்படியேதான் இருக்கிறது.

"ஏரியா? அண்ணே, அந்த ரோட்டுல வந்தாலே எனக்குக் கண்ணு சொக்கும். மிளகாயைக் கடிச்சுக்கிட்டு நடுக்கோட்டை மட்டும்தான் பாப்பேன். இடது பக்கம் யானை நின்னிருந்தாகூட எனக்குத் தெரியாது."

இவனையெல்லாம் நம்பி எப்படித்தான் லோடு ஏற்றினார்களோ.

பிப்ரவரி 27

சாப்பிடும்போது இவளே கேட்டாள். "ஏரி இல்லேங்கறாங்களே?"

"இருக்கு."

"இருந்தா சரி."

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் தேவலை. ஊறுகாய் ஜாடியை மூடி வைப்பது போல அந்தப் பேச்சை மூடிவிட்டாள்.

நான் சொன்னதெல்லாம் கதை என்று நினைக்கிறாளா? எத்தனை வருடமாக?

மார்ச் 3

மாப்பிள்ளை சமாதானம் பேச வந்தார். மலையையும் பாலைவனத்தையும் பகலில் பார்ப்பது. ஏரிக்கு மட்டும் நான் சொன்ன நேரப்படி, பொழுது போனபின், அதுவும் பௌர்ணமியன்று. கடற்கரைச் சாலைக்கும் என் நேரம்தான், இரவு எட்டு என்றேன். "அதை அப்போ பாத்துக்கலாம் மாமா" என்றார்.

நான் ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள்தான் இறங்கி வந்தார்கள்.

மார்ச் 12

மலைச் சாலை. பகல் பதினொரு மணி, நல்ல வெயில்.

ஏழாவது வளைவில் ஹார்ன் அடிக்கச் சொன்னேன். மாப்பிள்ளை அடித்தார். எதிரே பஸ் வந்தது. "மாமா, நீங்க பெரிய ஆளு" என்றார். அதை ரசிக்கும் நிலையில் நான் இல்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் மலை இல்லை. பள்ளம். அடியில் ஆறு ஒரு நூலாகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் மலைதான் என்றல்லவா நினைத்திருந்தேன்! இதன் ஓரமாகவா இத்தனை வருடம் பாட்டுப் பாடிக்கொண்டு, ஒரு கையால் பீடி பற்றவைத்துக்கொண்டு போனேன்?

கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கார் குலுங்குகிறது என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 14

இருக்கிறது!

மேடு ஏறியதும், "இடது பக்கம் பாருங்க" என்றேன். பெரிய வெள்ளை. நிலா கரைந்து கிடக்கிறது. அப்படியே, நான் சொன்ன மாதிரியே. மாப்பிள்ளை காரை ஓரம் கட்டிவிட்டார். பிறகு, "மாமா, மன்னிச்சிடுங்க" என்றார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இவளைப் பார்த்தேன். இவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரையோரம் ஒரு விடுதி. இறங்கிப் பார்க்கலாம் என்றாள் மகள். இருட்டில் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது, காலையில் போகலாம் என்று நான்தான் தடுத்தேன்.

வரைபடக்காரன் இருந்தால் கூட்டி வந்து காட்டியிருப்பேன்.

மார்ச் 15

காலையில் எழுந்தபோது பக்கத்தில் இவள் இல்லை. ஜன்னலைத் திறந்தேன்.

ஏரியின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கையில் பிடித்தபடி.

பதறிக்கொண்டு ஓடினேன். கரை தாண்டியதும் காலடியில் நொறுநொறுவென்று நொறுங்கியது. ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு. தொடுவானம் வரைக்கும் உப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

இவ்வளவு தூரம் நடந்து போயிருக்கிறாள். மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"மழைக்காலத்துல தண்ணி நிக்கும்" என்றேன்.

"நிக்கட்டும்."

"நான் பொய் சொல்லல."

"யாரு சொன்னா?" நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "நீங்க சொன்னதைவிடப் பெருசாத்தான் இருக்கு. என்ன ஒண்ணு, இவ்வளவையும் இங்க போட்டு வெச்சுக்கிட்டு உப்பைக் கடையில வாங்கிட்டு இருந்திருக்கோம்."

சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் கழித்து வந்தது.

திரும்பும்போது மாப்பிள்ளை எதிரே வந்தார். குனிந்து கீழே பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார். இவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏரி நல்லா இருக்கு மாமா" என்றார்.

மார்ச் 16

இன்னும் விடுதியில்தான். கடற்கரைச் சாலை பாக்கி. நான் அதிக வருடம் ஓட்டியது அதில்தான். வலது பக்கம் இருட்டில் அலைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே வரும்.

நாளை எப்போது கிளம்பலாம் என்று மாப்பிள்ளை கேட்டார். பிளானை எடுத்துப் பார்த்தேன். இரவு எட்டு என்று என் கையெழுத்தில் இருந்தது. அதை அடித்துவிட்டு, விடிந்தபின் என்று எழுதிக் கொடுத்தேன்.

இவள், "நீங்க முன்னாடி உக்காருங்க. வழி சொல்ல வேணாமா?" என்றாள்.

"அதுக்குத்தான் போன் இருக்கே" என்றேன்.